இரண்டாம் வகுப்புக்கு மூலை இல்லை

கண்டல்முனை புனித இராயப்பர் தமிழ் ஆரம்பப் பாடசாலை என்பது ஒரே ஒரு நீள மண்டபம். ஐந்து வகுப்புகளும் அதற்குள் வரிசையாக இருந்தன. இடையில் சுவர் கிடையாது. கடல் பக்கத்து அந்தத்தில் முதலாம் வகுப்பு, றோட்டுப் பக்கத்து அந்தத்தில் ஐந்தாம் வகுப்பு. ஆகவே மண்டபத்தின் நான்கு மூலைகளும் இந்த இரண்டு வகுப்புகளுக்கே சொந்தம். நடுவில் கிடந்த மற்ற வகுப்புகளுக்குப் பிறவியிலேயே மூலை இல்லை. அது ஒரு குறை என்று, கல்விப் பணிப்பாளர் பாலாவிக்கு வந்து பேசும்வரை, யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இரண்டாம் வகுப்பு மக்தலேனா டீச்சருக்கு அப்போது இருந்த கவலை வேறு. எங்கள் ஊரில் பாதிச் சனம் பாஸ்காத் திருநாள் முடிந்ததும் கிழக்குக் கரைக்குப் போய், வாடி என்கிற ஓலைக் குடில் அடித்துத் தங்கி மீன் பிடிக்கும். சண்டைக் காலத்தில் நின்றுபோயிருந்த இந்தப் போக்கு, சண்டை முடிந்ததும் திரும்பவும் தொடங்கிவிட்டது. அப்பன் போனால் அம்மாவும் போவாள், அம்மா போனால் பிள்ளையும் போகும். வாடியில் பள்ளிக்கூடம் இல்லை. மாரி தொடங்க ஊருக்குத் திரும்பும்போது பிள்ளை 'அ' என்றால் என்ன என்று கேட்கும். இந்த முறை போகிறதுகள் வாசிக்கத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று டீச்சர் இராயப்பருக்கு நேர்ந்திருந்தார். வாசிக்கத் தெரிந்த பிள்ளை வாடியிலும் எதையாவது வாசிக்கும், மறக்காது. முக்கியமாக ஷானிகா. ஷானிகா எழுத்துகளைத் தனித்தனியே சொல்வாள். சேர்த்து வாசிக்கச் சொன்னால் வாயை மூடிக்கொள்வாள்.

பாலாவியில் நடந்த கருத்தரங்குக்கு டீச்சர் இந்தக் கவலையோடுதான் போனார். தலைப்பு, 'ஆக்கபூர்வமான வகுப்பறைக் கற்றல் செயற்பாடுகள்'.

பேச வந்த ஜயக்கொடி பணிப்பாளர் நல்ல மனிதர். அரச உத்தியோகத்தர் மற்ற மொழியையும் படிக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, மற்றவர்கள் சோதனைக்கு மட்டும் படித்தார்கள். அவர் பேசுவதற்கே படித்தார். அவருடைய தமிழில் ல, ள, ழ மூன்றும் ஒரே வீட்டில் குடியிருந்தன. எங்கள் வீட்டிலும் பெரும்பாலும் அப்படித்தான் என்பதால், அதைப் பிழை சொல்ல எங்களுக்கு யோக்கியதை இல்லை.

"அன்பான ஆசிரியர்கலே," என்று தொடங்கினார். "பல்லிக்கூடத்தில எல்லாம் இருக்கு. கட்டிடம் இருக்கு, மேசை இருக்கு. ஆனா நாங்க மூலையப் பாக்கிறதே இல்ல. ஒரு பில்லைக்கு மூலைதான் முக்கியம். ஒவ்வொரு பில்லைக்கும் ஒரு மூலை. சும்மா விட்டா மூலை தூசி பிடிக்கும். மூலைக்குல்ல வெலிச்சம் போடோணும். கதை போடோணும், பாட்டு போடோணும், நிறம் போடோணும். பில்லைட மூலை நிறைஞ்சாத்தான் இந்த நாட்டுக்குச் சமாதானம் வரும்."

சபை கைதட்டியது. அவர் உற்சாகமாகி, "சில ஆசிரியருக்கே மூலை இல்ல!" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். ஆசிரியர் ஓய்வறை இல்லாத பாடசாலைகள் எங்கள் பக்கத்தில் நிறைய.

பல்லிக்கூடம் என்று அவர் சொன்னபோது ஆசிரியர்கள் மனதுக்குள் பள்ளிக்கூடம் என்று திருத்திக்கொண்டார்கள். பில்லை என்றபோது பிள்ளை என்றும், வெலிச்சம் என்றபோது வெளிச்சம் என்றும் திருத்திக்கொண்டார்கள். மூலைக்கு மட்டும் திருத்தம் தேவைப்படவில்லை. மூலை நல்ல தமிழ்ச் சொல்தானே.

மக்தலேனா டீச்சருக்கு ஏதோ இடறியது. எழுந்து சிங்களத்தில் கேட்டிருக்கலாம். சிலாபத்தில் மீன் விற்றுப் பழகிய குடும்பங்களில் யாருக்குத்தான் சிங்களம் தெரியாது? ஆனால் ஒரு பெரிய மனிதர் இவ்வளவு பாடுபட்டுத் தமிழில் பேசும்போது சிங்களத்தில் விளக்கம் கேட்டால், உங்கள் தமிழ் விளங்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதுபோல் ஆகிவிடும். அது மரியாதையில்லை. மரியாதையால் கெட்ட காரியங்களுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. டீச்சரும் மரியாதையாக இருந்துவிட்டார்.

அடுத்த கிழமை ஆசிரிய ஆலோசகர் பாறூக் சேர் பாடசாலைக்கு வந்தார். தங்கமான மனிதர். ஒரு சொல் கையில் கிடைத்தால் அதற்குக் கீழே உபதலைப்புப் போடாமல் அவருக்குத் தூக்கம் வராது.

"மூலை எண்டா சும்மா ஒரு இடமில்ல டீச்சர். மூலை ஒரு அணுகுமுறை," என்றார். "ரெண்டு சுவர் சந்திக்கிற இடம் பௌதிக மூலை. பிள்ளையும் சுவரும் சந்திக்கிற இடம் கற்றல் மூலை."

"சேர், என்ட வகுப்புக்குச் சுவரே இல்லையே," என்றார் டீச்சர்.

"அதுதான் சவால்," என்று பாறூக் சேர் மகிழ்ந்தார். சவால் என்பது அவருக்குப் பிடித்த இன்னொரு சொல். மேலிடத்திலிருந்து ஒன்றும் வராது என்பதை அவர் அந்தச் சொல்லால்தான் சொல்வார்.

போவதற்கு முன் அறிவித்தல் பலகையில் நிலவர அறிக்கை ஒன்றை ஒட்டினார். முதலாம் வகுப்பு: மூலை உண்டு. இரண்டாம் வகுப்பு: மூலை இல்லை. மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கும் அதே கதிதான்.

மறுநாள் காலையில் ஷானிகாவின் தாய் சுஜாந்தி, கையில் மீன் செதிலோடு, அதிபரின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு வாசிப்பு ஓடாது. யாரோ வாசித்துச் சொல்லியிருந்தார்கள்.

"என்ட பிள்ளைக்கு மூலையில்லெண்டு எழுதி ஒட்டியிருக்காம். ஆர் எழுதின?"

அதிபர் பேதுரு சேர் பயந்த சுபாவம். பென்சனுக்குக் கிட்ட வந்துவிட்ட மனிதர். "இல்ல தங்கச்சி, அது மூளையில்ல. இது மூலை," என்றார்.

"நானும் அதத்தானே சொல்றன். மூலை."

"நீங்க சொல்றது தலைக்குள்ள இருக்கிறது. ஐயா சொல்றது வகுப்புக்குள்ள இருக்கிறது."

"தலைக்குள்ள இருக்கிறத விட்டுட்டு வகுப்புக்குள்ள இருக்கிறதக் கதைக்கவோ ஒரு பெரிய ஐயா அவ்வளவு தூரத்தால வந்தவர்? பைத்தியமோ உங்களுக்கு?"

அன்றும் வந்திருந்த பாறூக் சேர் சிரித்துக்கொண்டார். "பெற்றோர் மத்தியில் விழிப்புணர்வு போதாது" என்று அதிபரிடம் சொல்லி, பெற்றோருக்கும் ஒரு கருத்தரங்கு தேவை என்றார். மக்தலேனா டீச்சருக்குப் பாலாவியில் இடறியது திரும்பவும் இடறியது. ஆனால் பாறூக் சேர் அதற்குள் எத்தாளையிலிருந்து தச்சுவேலைக்கார ரஸாக் நானாவைக் கூப்பிட்டிருந்தார்.

ரஸாக் நானா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். "சுவர் கட்ட ஏலாது. பலகையில மடிப்பு மறைப்பு செஞ்சி தாறன். மடிச்சா ஒரு மூலை. இன்னொருக்கா மடிச்சா இன்னொரு மூலை. எத்தின மூலை வேணுமெண்டு சொல்லுங்க, மடிச்சிட்டே போறன்."

"பிள்ளைக்கு ஒண்டு," என்றார் பாறூக் சேர்.

"மறுபக்கத்தால பாத்தா அது மூலையில்ல, முனையாத் தெரியுமே. முனையையும் சேத்துக் கணக்கெடுத்தா பாதிப் பலகை மிச்சம்."

பாறூக் சேர் ஆழமாக யோசித்தார். "முனை வேற, மூலை வேற. முனையில இருக்கிற பிள்ளைய மூலையில இருக்கிறதா நாங்க மேலிடத்துக்குக் காட்ட ஏலாது. ஊருக்குப் பேர் கண்டல்முனை எண்டதால மட்டும் கொள்கைய மாத்த ஏலுமா?"

ஆகவே மறைப்பு மடிந்து மடிந்து மூன்றாம் வகுப்பின் எல்லையைத் தாண்டி நான்காம் வகுப்புக்குள் போய் நின்றது. மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு இரண்டாம் கட்டத்தில் மூலை வழங்கப்படும் என்றும், அதுவரை அவர்கள் ஐந்தாம் வகுப்போடு நெருக்கியிருந்து சகிப்புத்தன்மை கற்பார்கள் என்றும் சொல்லப்பட்டது.

மூலை வந்ததும் மூலைக்குப் பெயர் வந்தது. ஒருவனுக்குக் காற்று மூலை, ஒருத்திக்கு நல்லிணக்க மூலை, இன்னொருவனுக்கு டெங்கு ஒழிப்பு மூலை. பணிப்பாளர் சொன்னபடி கதை ஒட்டினார்கள், பாட்டு ஒட்டினார்கள், நிறம் பூசினார்கள். வெளிச்சம் போட வேண்டுமே என்று கோயிலுக்குப் போய்க் கிறிஸ்மஸ் பாலன் குடிலுக்குச் சோடிக்கும் மின்விளக்கு மாலைகளை வாங்கி வந்தார்கள். பாஸ்காவுக்கு முந்திய தபசு காலத்தில் கோயில் பூவில்லாமல் கிடக்க, பக்கத்து மண்டபத்தில் பச்சையும் சிவப்புமாக விளக்கு மின்னியது. பங்குச்சாமியார் வாசலில் வந்து நின்று பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

எல்லாம் சரிதான். பிள்ளைகளை அதற்குள் உட்கார வைத்தபோதுதான் சிக்கல். எங்கள் பாடசாலையில் மூலைக்கு அதுவரை ஒரேயொரு உபயோகம்தான் இருந்தது. குழப்படி செய்தவனைச் சுவரைப் பார்த்து நிற்க வைப்பது. இப்போது முழு வகுப்பும் பலகையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. கெவின் வாயில் விரலை வைத்துக்கொண்டான். மகிழ்ச்சி மூலை கிடைத்த பிள்ளை மத்தியானம் வரை அழுதது.

ஷானிகாவின் மூலையில் ஒரு கடல் வரைந்திருந்தது. அவள் அதைப் பார்க்காமல் திரும்பி, "டீச்சர், நான் என்ன செஞ்ச?" என்று கேட்டாள்.

"ஒண்டும் செய்யல்ல மகள்."

"அப்ப ஏன்?"

மக்தலேனா டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். கரும்பலகை மறைப்புக்குப் பின்னால் போய்விட்டது. பிள்ளைகளின் முகம் தெரியவில்லை, பிடரி மட்டும்தான் தெரிந்தது. பிடரியைப் பார்த்து யாருக்கு எழுத்துக் கற்பிப்பது? நாட்கள் போய்க்கொண்டிருந்தன. ஊரில் வாடிக்குப் போகிறவர்கள் கிழிந்த வலை பொத்தத் தொடங்கிவிட்டார்கள். டீச்சருக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். அதைத் தூக்கிக்கொண்டு அதிபரிடம் போனார்.

"சேர், பாஸ்கா வருது. இதுகள் வாசிக்காமப் போகப் போகுதுகள். இந்தப் பலகையக் கழற்றுவம்."

"எனக்கொண்டும் தெரியாது டீச்சர்."

"நீங்கதானே அதிபர்?"

"எனக்கொண்டும் தெரியாது. பாறூக் சேரக் கேளுங்க."

"பணிப்பாளர் இதத்தான் சொன்னவரெண்டு நீங்க உண்மையா நினைக்கிறீங்களோ?"

"எனக்கு ஒண்டுமே தெரியாது," என்றார் பேதுரு சேர் மூன்றாம் முறையாக. அந்நேரம் பக்கத்து வளவில் ஒரு சேவல் கூவியது. அது எந்நேரமும் கூவுகிற சேவல்தான். இருந்தாலும் வேதத்துப் பேதுருவின் சேவல் நினைவுக்கு வந்ததோ என்னவோ, பேதுரு சேரின் முகம் வெளிறிவிட்டது. கொஞ்சம் பொறுத்து, தலையைத் தூக்காமல், "பலகையக் கழற்ற ஏலாது. ஆனா பிள்ளைகள் கடற்கரைப் பக்கம் போனா நான் காணயில்ல," என்றார்.

அன்றிலிருந்து இரண்டாம் வகுப்பு காலை ஜெபம் முடிந்ததும் பாடசாலைக்குப் பின்னால் கடற்கரையில் கூடியது. கரையேற்றிய பழைய வள்ளம் ஒன்றின் நிழலில் இருந்தார்கள். வள்ளத்துக்கு மூலை கிடையாது. கரும்பலகையும் கிடையாது. ஆனால் கரை முழுக்க வள்ளங்கள் நின்றன. ஒவ்வொன்றின் விலாவிலும் பெரிய பெரிய எழுத்தில் பெயர் எழுதியிருந்தது. டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வள்ளம் வள்ளமாகப் போனார். நல்லாயன். விடிவெள்ளி. பொறுமை.

'நல்லாயன்' பக்கத்தில் 'விடிவெள்ளி' நின்றது பெரிய வசதி.

"ரெண்டும் ஒரே சத்தம் டீச்சர்," என்றான் கெவின்.

"இல்ல ராசா. நாக்க மடிச்சுச் சொல்லிப் பார். வெள்ளி. நாக்கு மடிஞ்சா ள. மடியாட்டி ல."

பிள்ளைகள் ஆளையாள் வாயைத் திறந்து நாக்கு மடிகிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். கடற்கரை முழுக்க ஒரே சிரிப்பு. வலை பொத்திக்கொண்டிருந்த ஆட்கள்கூட இரகசியமாக நாக்கை மடித்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மடியவில்லை.

ஒரு நாள் ஷானிகா ஒரு நீல வள்ளத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். விரலை எழுத்தின் மேல் வைத்தாள். "மா... தா... து... ணை." பிறகு ஒரே மூச்சில், "மாதா துணை!" டீச்சரைத் திரும்பிப் பார்த்த முகத்தில் கோபம்போல ஒன்று இருந்தது. "டீச்சர், இது எங்கட அப்பாட போட்! இதுக்குப் பேர் இருக்கெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லயில்லையே!"

மக்தலேனா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காற்றில் மணல் என்று சொல்லிச் சமாளித்தார். அன்று காற்றே இருக்கவில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய கிழமை பணிப்பாளர் வந்தார். வாசலில் பெரிய பதாகை: 'ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மூலை.' இதேபோல எல்லாப் பாடசாலைக்கும் அச்சடித்தாகிவிட்டது. பிள்ளைகளை மூலைக்குள் இருத்தி, விளக்கைப் போட்டு, பெற்றோரைப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். பாறூக் சேர் வரவேற்புரையில், "ஐயா சிந்தித்தார், நாம் மடித்தோம்," என்றார்.

பணிப்பாளர் மறைப்பின் ஓரமாக நடந்தார். ஒரு மடிப்பைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார். அவருடைய நடை மெதுவாகிக்கொண்டே வந்தது.

"ஏன் பில்லைகல் எல்லாம் சுவரப் பாத்து இருக்கு? இவங்க என்ன குற்றம் செஞ்ச?"

"சேர், நீங்க சொன்ன மூலை," என்றார் பாறூக் சேர்.

"நான் சொன்ன மூலையா?"

"ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒண்டு சேர். வெளிச்சமும் போட்டாச்சி."

பணிப்பாளர் மின்னுகிற விளக்கைப் பார்த்தார். டெங்கு ஒழிப்பு மூலையைப் பார்த்தார். பிறகு மெல்லத் தன் நெற்றியில் தட்டினார். "நான் சொன்ன மூலை இது. மொளே. மொளே!"

மொளே என்றால் சிங்களத்தில் மூளை. மண்டபத்தில் அதை விளங்காதவர் ஒருவரும் இல்லை. விளக்கு பச்சை, சிவப்பு, பச்சை என்று மின்னிக்கொண்டேயிருந்தது.

"நான் அண்டைக்கே சொன்னன்," என்றாள் பின்னால் நின்ற சுஜாந்தி.

பணிப்பாளர் ஒரு சின்னக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் பிழையாச் சொன்னா ஏன் ஒருத்தரும் கேக்கல்ல?" என்றார். அந்தக் குரலில் அதிகாரம் இருக்கவில்லை, கவலைதான் இருந்தது. அதைக் கேட்க எல்லோருக்கும் பாவமாக இருந்தது.

பாறூக் சேர்தான் முதலில் தேறினார். "சேர், மூளைக்குப் போற பாதை மூலையாலதான். அந்த வகையில ரெண்டும் ஒண்டுதான்."

பணிப்பாளர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. பக்கத்து மூலையிலிருந்த ஷானிகாவைப் பார்த்து, "பில்லை, உனக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். ஆனா இங்க இல்ல. வெளியில."

எல்லோரும் வெளியே போனார்கள். பணிப்பாளர் சப்பாத்துக்குள் மணல் போக நடந்தார். ஷானிகா முன்னால் ஓடி, கரையில் நின்ற வள்ளங்கள் எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டே போனாள். மற்றப் பிள்ளைகளும் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். 'விடிவெள்ளி'க்கு முன்னால் கெவின் பணிப்பாளருக்கு நாக்கை மடித்துக் காட்டினான். பணிப்பாளரும் மடித்துப் பார்த்தார். "வெல்லி," என்றார். "பரவாயில்ல," என்று கெவின் ஆறுதல் சொன்னான்.

புறப்படும்போது பணிப்பாளர் சின்னதாக ஒரு உரை நிகழ்த்தினார். "இண்டைக்கு நான் ஒண்டு படிச்ச. பாடசாலைக்கு முக்கியம் வலம். கடற்கரையும் ஒரு வலம்தான். எல்லாப் பாடசாலையும் தங்கட வலத்தப் பாவிக்கோணும்."

பாறூக் சேர் பேனையை எடுத்தார். "காலையில ஒரு தரமா, பின்னேரமும் வலம் வரணுமா?" என்று அவர் வாய்க்குள் முணுமுணுத்தது மக்தலேனா டீச்சருக்குக் கேட்டது. பாடசாலையைச் சுற்றிச் சுற்றி நடக்கிற பிள்ளைகளை டீச்சர் ஒரு கணம் மனக்கண்ணால் கண்டார். இந்த முறை மரியாதையைக் கரையில் இறக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"சேர், வளமா, வலமா?"

"ஓம், வலம்," என்றார் பணிப்பாளர்.

டீச்சர் சிங்களத்தில் கேட்டார், பொருள்களா, சுற்றி நடப்பதா என்று. பணிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். சிங்களத்திலேயே, பொருள்கள்தான், பொருள்கள்தான் என்றார். "இனி எப்பவும் கேலுங்க டீச்சர்," என்று தமிழில் சேர்த்துக்கொண்டார். பாறூக் சேர் எழுதியதை வெட்டினார்.

மறைப்பைக் கோயிலுக்குக் கொடுத்தார்கள், பாலன் குடிலுக்குப் பின்னால் மலையாக நிற்கும் என்று. கரும்பலகை திரும்பவும் வெளிச்சத்துக்கு வந்தது. பதாகைகளை என்ன செய்வது என்பதைப் பற்றிக் கல்விப் பணிமனை கூட்டம் போட்டு ஆராய்ந்தது. அச்சடித்ததை மாற்ற முடியாது, மாற்றினால் முதலில் பிழை நடந்தது என்று ஆகிவிடும். ஆகவே சொல் மூலையாகவே இருக்கட்டும், பொருளை மட்டும் மூளை என்று எடுத்துக்கொள்ளவும் என்று எல்லாப் பாடசாலைகளுக்கும் அறிவித்தார்கள்.

பாஸ்கா முடிந்த கிழமை வாடிக்காரர் லொறியில் புறப்பட்டார்கள். 'மாதா துணை'யும் லொறியில் ஏறியது. மக்தலேனா டீச்சர் ஐந்தாறு பிள்ளைகளின் கதிரை காலியான வகுப்பில் மற்றவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சுஜாந்தி. லொறிச் சத்தத்தில் கத்திக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இவள் வாயை மூடுறாளில்ல. கடைப் பேர், பஸ் பேர், எல்லாத்தையும் வாசிக்கிறாள். இப்ப பாலாவிச் சந்தியில நிக்கிறம். இங்க பெரிசா ஒண்டு தொங்குது. அதையும் வாசிச்சிட்டாள்."

"என்னவாம் அதில?"

"ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மூலையாம். இஞ்ச டீச்சர், அது அந்த ஐயா சொன்ன தலைக்குள்ள இருக்கிறதுதானே? நான் சொல்றன், இவள் இல்லெண்டு என்னோட சண்டை பிடிக்கிறாள்."

"போன அவளிட்டக் குடுங்க."

லொறி உறுமியது. பிறகு ஷானிகாவின் குரல் வந்தது.

"இல்ல டீச்சர், நான் ரெண்டு தரம் வாசிச்சுப் பாத்திட்டன். நாக்கு மடியயில்ல."